பெரிய வண்டியின் பழைய கணக்கு

கோவை கணபதி பக்கத்தில் ஒரு பட்டறை. காலை ஏழு மணி. முந்தைய நாள் மாலை நிறுத்திவிட்டுப் போன வண்டியின் முன் இடது சக்கரத்தருகே மெக்கானிக் அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பை நீட்டினார். மாலையில் அளந்தபோது நான்கு சக்கரங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு. டயர்க் கடைகளில் எழுதப் பயன்படும் மஞ்சள் சாக்கால், மட்கார்டின் உள்பக்க பிளாஸ்டிக்கில் அந்த அளவுகளைக் குறித்துவைத்திருந்தார். இப்போது மூன்று சக்கரங்களில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. முன் இடது மட்டும் ஆறு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

“காத்துப் பை ஒழுகுதுங்க. பை ஒழுகுனா கம்ப்ரசர் ஓயாம ஓடிட்டே இருக்கும். அதுக்கும் நாள் எண்ணிக்க வேண்டியதுதான்.”

இரவு அவர் இன்னொரு காரியமும் செய்திருந்தார். காற்றுப் பைகளில் நிற்கும் சஸ்பென்ஷனுக்குப் போகும் ஃபியூஸைக் கழற்றிவைத்திருந்தார். அதைச் செய்யாவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டர் இரவில் தானாக விழித்து, ஒழுகும் மூலைக்குச் சமமாக மற்ற மூன்றையும் இறக்கி மட்டமாக்கிவிடும். காலையில் பார்ப்பவருக்குக் குறை தெரியாது. இந்த நுணுக்கம் எந்த விற்பனை விளம்பரத்திலும் வராது.

வண்டியை வாங்க வந்தவர் என் தங்கையின் கணவர். திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார். ஏழு பேர் உட்காரும் ஐரோப்பிய ஃபோர் வீல் டிரைவ், டெல்லிப் பதிவு, ஒன்பது வயது. புதிதாக எடுத்தபோது ஏறக்குறைய ஒரு கோடி ஆகியிருக்கும். பழைய கார் விற்கும் கன்சல்டிங்காரர் கேட்ட விலை 14 லட்சம். ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் ஓர் இரவு பட்டறையில் நிறுத்த ஒப்புக்கொண்டார். புது நடுத்தர எஸ்யுவி ஒன்றின் விலையைவிடக் குறைவு, இதுவோ ராஜா மாதிரி வண்டி என்று மாப்பிள்ளை சொன்னபோது அதில் பொய் இல்லை. அந்த ஆசையை நான் குறைசொல்ல மாட்டேன். இருபது வருடம் டிவிஎஸ் 50இல் நூல் மூட்டை சுமந்தவர் அவர். ஒரு பெரிய வண்டி வீட்டு வாசலில் நிற்பதற்கு அவருக்கு உரிமை உண்டு.

ஆனால், விலை குறைவது வண்டிக்கு மட்டும்தான். ஒரு கோடி வண்டி 14 லட்சத்துக்கு இறங்கும்போது அதன் கம்ப்ரசரோ, ஹெட்லைட்டோ, கியர்பாக்ஸோ கூடவே இறங்குவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஏறுகின்றன. நான்கு டயர் மாற்றினாலே லட்சத்தைத் தொடும் வண்டி அது. வாங்கும் விலை பழைய வண்டிக்கு உரியது, பராமரிக்கும் விலை புது வண்டிக்கு உரியது. முதல் சொந்தக்காரர் வாரண்டி இருந்த காலத்தில் ஓட்டிவிட்டு, செலவு தொடங்கும் இடத்தில் கைமாற்றுகிறார். இரண்டாவது, மூன்றாவது கைக்கு வரும்போது வண்டியின் தேவை ஏறியிருக்கிறது; வாங்குபவரின் வசதி இறங்கியிருக்கிறது.

இந்த வகை வண்டி இப்படிப் பிறக்கவில்லை. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவர் வந்தபோது அது உழவருக்கான வாகனம். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் உடலை அலுமினியத் தகட்டில் செய்தார்கள். 1970இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரின் உள்புறத்தைத் தண்ணீர்க் குழாய் பிடித்தே கழுவலாம். நம் பக்கத்தில் போடியிலும் வால்பாறையிலும் இன்றும் ஏறி இறங்கும் ஜீப்புகளின் மூதாதையான வில்லிஸை 1947இல் மஹிந்திரா பூட்டத் தொடங்கியபோதும் அதே எளிமைதான். நான்கு ஸ்பேனரும் ஒரு ஜாக்கியும் இருந்தால் நடுக்காட்டில் சரிசெய்துவிடலாம். பிறகு அதே வண்டிக்குள் தோல் இருக்கை வந்தது, காற்றுப் பை வந்தது, பல கம்ப்யூட்டர்கள் வந்தன. மேட்டில் ஏறும்போது உடம்பைத் தூக்கிக்கொள்ளும், நெடுஞ்சாலையில் தாழ்த்திக்கொள்ளும் அந்தப் பொறியியலை நான் மனதார வியக்கிறேன். இரண்டரை டன் எடையை அது சுமந்துபோகும் பாங்கு அழகு. ஆனால், அது கெட்டால் ஸ்பேனர் போதாது. அந்த நிறுவனத்தின் ஸ்கேனர் வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், பல நேரங்களில் கடல் தாண்டி வரும் ஓர் உதிரிபாகத்துக்காக வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

செலவு அதிகம் என்பதை எப்படியோ எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். நான் சொல்ல வந்த குறை வேறு. வண்டியின் கடந்த காலம் பலருக்குத் தெரிந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்குபவருக்கு மட்டும் தெரிவதில்லை.

எனக்கு இது நடந்திருக்கிறது. 2017இல் சென்னைப் பதிவுள்ள ஒரு பெரிய வண்டியை வாங்கினேன். ஆர்.சி. சுத்தம், இன்சூரன்ஸ் நடப்பில், லோன் முடிந்து ஹைப்போதிகேஷனும் நீக்கியாயிற்று. நான்காவது மாதம், பின் சீட்டில் அம்மாவைப் படுக்கவைத்துக்கொண்டு ஈரோட்டிலிருந்து கோவை மருத்துவமனைக்குப் போகிற இரவில், பெருந்துறையைத் தாண்டியதும் டேஷ்போர்டில் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. கியர் மூன்றுக்கு மேல் ஏறவில்லை. லாரிகள் இரைந்துகொண்டு கடந்துபோகும் சாலையோரத்தில், வேறு வண்டி வரும் வரை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நாற்பது நிமிடத்தை நான் மறக்கவில்லை. பிறகு பட்டறையில் இருக்கைகளைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கினார்கள். வயர் கட்டுகளுக்கு அடியில் மாவுபோல் காய்ந்த வண்டல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி அது. பழைய காப்பீட்டு நிறுவனம் அதை ‘டோட்டல் லாஸ்’ என்று தீர்த்து, இழப்பீடும் கொடுத்து முடித்திருந்தது தெரிந்தவர் ஒருவர் மூலம் பிற்பாடு வெளிவந்தது. ஆக, அந்த வண்டி மூழ்கியது என்று காப்பீட்டு நிறுவனத்தில் எழுதியிருக்கிறது. பழுது மதிப்பீடு போட்ட சர்வீஸ் சென்டரில் எழுதியிருக்கிறது. ஏலத்தில் எடுத்து, காயவைத்து, பாலிஷ் போட்டவருக்கும் தெரியும். எனக்குக் கிடைத்த ஒரு தாளில்கூட அது இல்லை.

இப்படிப்பட்ட வண்டிகள் இந்த ரகத்தில் அதிகம் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பழுதுபார்க்கும் செலவு, காப்பீட்டு ஆவணத்தில் உள்ள வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கருதலாம் என்பது இந்திய மோட்டார் காப்பீட்டில் நீண்ட நாள் நடைமுறை. சின்ன காருக்கு இந்த எல்லையைத் தொட பெரிய விபத்து வேண்டும். பத்து வயது சொகுசு எஸ்யுவிக்கோ மதிப்பு 14 லட்சம், உதிரிபாகம் ஒரு கோடி வண்டிக்கு உரியது. முன்பக்கம் இடித்து, ரேடியேட்டரும் இரண்டு ஹெட்லைட்டும் போய், ஏர்பேக் நான்கு வெடித்தாலே கணக்கு முடிந்துவிடலாம். இழப்பீட்டைச் சொந்தக்காரர் வாங்கிக்கொள்வார். வண்டி, சேதப் பொருளாக ஏலத்துக்குப் போகும். எடுத்தவர் பழைய பாகங்களைத் தேடிப் பொருத்துவார். ஏர்பேக் இருந்த இடத்தில் ஏர்பேக் இருக்கிறதா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. டேஷ்போர்டு விளக்கு எரியாமல் செய்துவிட்டால் போதும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, அழிந்துபோன அல்லது நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாத வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொல்கிறது, அதன் ஆர்.சி. ரத்தாக வேண்டும். ஆனால், ‘சரிசெய்தால் செலவு கட்டுப்படியாகாது’ என்பதும் ‘நிரந்தரமாகப் பயன்படாது’ என்பதும் வேறு வேறு. இந்த இடைவெளியில்தான் மூழ்கிய, நொறுங்கிய வண்டிகள் பழைய ஆர்.சி.யோடு நழுவி மீண்டும் சாலைக்கு வருகின்றன. 2015 மட்டுமல்ல, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும், இரண்டு வாரத்தில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. அப்போது மூழ்கிய வண்டிகளில் பலவும் இப்போது எங்கோ யாரோ ஒருவருடைய வாசலில் நிற்கின்றன.

பிரிட்டனில் முழு இழப்பான வண்டிகளை 2017 முதல் நான்கு பிரிவாகக் குறிக்கிறார்கள். முதல் இரண்டு பிரிவுகள் மீண்டும் சாலைக்கே வர முடியாது. கட்டமைப்பில் அடிபட்டுச் சரிசெய்யப்பட்டது தனிப் பிரிவு. அது பதிவுச் சான்றிலேயே தெரியும். அங்கே மூன்று வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் தகுதிச் சோதனை உண்டு. பதிவு எண்ணை அரசு இணையதளத்தில் தட்டினால், 2005 முதல் ஒவ்வொரு சோதனையிலும் மீட்டர் எத்தனை மைல் காட்டியது, எதில் தவறியது என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். அந்த ஊரில் ஏமாற்று ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வாங்குபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இங்கே மீட்டரை நம்பவே வழியில்லை. கணபதி மெக்கானிக் அண்ணன் சொன்ன ஒரு வண்டியில் மீட்டர் 68 ஆயிரம் கிலோமீட்டர் காட்டியிருக்கிறது. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரை ஸ்கேனரில் திறந்தால் 1 லட்சத்து 41 ஆயிரம். பெரிய வண்டிகளில் ஓடிய தூரம் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பதிவாகும். குறைப்பவர்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆகவே, வாங்கப் போகிறவர்கள் ஸ்கேனர் வைத்திருக்கும் தனிப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோகாமல் முழுத் தொகையைக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியானால் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டை நீங்களே போடுங்கள். போடும்முன் பானெட்டில் கைவைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் யாரோ முன்னமே ஓட்டி எதையோ மறைத்திருக்கிறார். மண் தரை கிடைத்தால் லோ ரேஞ்ச் போட்டுப் பாருங்கள். நகரத்திலேயே ஓடிய வண்டிகளில் பத்து வருடத்தில் ஒருமுறைகூடப் போடாமல் அதை மாற்றும் மோட்டார் இறுகிப்போயிருக்கும். டீசல் பிஎஸ் 6 வண்டியானால், குழந்தைகளைப் பள்ளிக்கு விட்டு அழைத்துவர மட்டும் ஓடியதா என்று கேளுங்கள். நெடுஞ்சாலை வேகம் கிடைக்காத வண்டியில் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதை வெட்டி எடுத்துவிட்டு விற்பதும் நடக்கிறது.

டெல்லிப் பதிவு வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதன் பிறகு இந்த விதி பலமுறை இறுகியும் தளர்ந்தும் வந்திருக்கிறது. விளைவு என்னவென்றால், எட்டு, ஒன்பது வயதான டீசல் சொகுசு வண்டிகளை அங்கே யாரும் நல்ல விலைக்கு எடுப்பதில்லை. டிரெய்லரில் ஏறித் தெற்கே வருகின்றன. சட்டப்படி இதில் தவறில்லை. ஆனால், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்ற வேண்டும். அதற்கு அங்கிருந்து என்ஓசி வர வேண்டும். இங்கே வயதுக்கேற்ற வரி கட்ட வேண்டும். புதுச்சேரி முகவரி காட்டி வரியை மிச்சப்படுத்தும் வழியைச் சொல்லித்தருவார்கள். 2017இல் கேரளத்தில் அந்த வழியில் போன பிரபலங்கள் எத்தனை விசாரணைகளைச் சந்தித்தார்கள் என்பது செய்தியாக வந்தது.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதும் பெரிய தவறு. வாங்கியவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விற்றவருக்கும் கடமை உண்டு. விற்றுவிட்டாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இரண்டரை டன் வண்டி ஒரு மனிதர் மீது மோதினால் என்னவாகும் என்று நினைத்துப் பார்த்தால், ‘ஓபன் டிரான்ஸ்ஃபர்’ என்று வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொடுக்கும் வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று புரியும்.

2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை நடத்திய ‘ஆபரேஷன் நும்கோர்’ இந்த வியாபாரத்தின் இன்னொரு முகத்தைக் காட்டியது. பூடானிலிருந்து முறைகேடாகக் கொண்டுவரப்பட்டு, பொய் ஆவணங்களோடு இந்தியாவில் பதிவுசெய்யப்பட்டவை என்ற சந்தேகத்தின் பேரில் லேண்ட் க்ரூஸர் உள்ளிட்ட விலையுயர்ந்த வண்டிகளைத் தேடினார்கள். திரைக் கலைஞர்களின் வீடுகளிலும் சோதனை நடந்தது. பூடானின் மொழியில் நும்கோர் என்றால் வாகனம். பயன்படுத்திய காரை இந்தியாவுக்குள் கொண்டுவர, அது மூன்று வயதைத் தாண்டியிருக்கக் கூடாது என்பது விதி. ஆர்.சி. அரசாங்கத்தின் பெயரில் அச்சாகிக் கையில் இருக்கிறது, அதை நம்பாமல் வாங்குபவர் வேறு எதை நம்புவார்? சுங்கச் சட்டமோ பொருளைத் தேடி வருகிறது. நான்காவது கையாக, தெரியாமல் வாங்கியவர் என்பதால் வண்டி தானாகத் தப்பிவிடுவதில்லை. இறக்குமதி வண்டி என்று சொன்னால் சுங்கத்தில் வரி கட்டிய பில்லின் நகலைக் கேட்டு வாங்குங்கள்; தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தனிமனிதர்கள் இத்தனையும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானா? பழைய கார் விற்கும் வணிகர்கள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும், தங்களிடம் வந்த வண்டியை இணையத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் விதி கொண்டுவந்தது; 2023 ஏப்ரல் முதல் அது நடப்பில் இருக்கிறது. நல்ல விதி. வணிகர் கையில் இருக்கும் வரை அவரே சொந்தக்காரராகக் கருதப்படுவார் என்கிறது. மாப்பிள்ளையோடு அவிநாசி சாலையில் ஏறி இறங்கிய ஆறு கடைகளில் அந்த அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொன்னோம். ஒரே ஒரு இடத்தில்தான் காட்டினார்கள். நாங்கள் கடைசியில் வண்டி பார்த்தது அங்கே இல்லை.

அரசிடம் ‘வாகன்’ என்ற பதிவேடு இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் ஒரு வண்டியை முழு இழப்பாகத் தீர்த்தால், அந்த ஒரு வரி அதே நாளில் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். எஃப்.சி.க்கும் புகைச் சான்றுக்கும் சர்வீஸுக்கும் வண்டி போகும்போதெல்லாம் மீட்டர் எண் அதில் சேர வேண்டும். இறக்குமதி வண்டியானால் சுங்க ஆவண எண் கட்டாயமாக இருக்க வேண்டும். சொந்தக்காரரின் பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு, வண்டியின் வரலாற்றை மட்டும் யாரும் பார்க்கும்படி திறந்துவிடுங்கள். பழைய கார் வணிகர்களின் இலாபத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி வருகிறது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 20 சதவீதம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கட்டணம் வாங்கும் அரசு, மூழ்கிய வண்டி மூழ்கியது என்று சொல்லும் கடமையிலிருந்து மட்டும் விலகிக்கொள்ள முடியாது.

இதனால் வியாபாரம் படுத்துவிடும் என்று ஒரு கன்சல்டிங்காரர் என்னிடம் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டொயோட்டாவின் லேண்ட் க்ரூஸர்களும் ப்ராடோக்களும் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் விலை இறங்காமல் நிற்பதைப் பார்க்கிறோம். வாங்குபவருக்கு என்ன வரும் என்று தெரிந்திருப்பதற்குக் கொடுக்கும் விலை அது. ஒழுங்காகப் பராமரித்து, ஒவ்வொரு பில்லையும் கோப்பில் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். மூழ்கி எழுந்த வண்டியும் அவர்களுடைய வண்டியும் இன்று ஒரே விலைக்கு ஒரே வரிசையில் நிற்கின்றன. நஷ்டப்படுவது அவர்களும்தான்.

அன்று காலை மாப்பிள்ளை வெகுநேரம் பேசவில்லை. ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தார். இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினார். “என்னங்ண்ணா பண்ணலாம்?” என்று மெக்கானிக்கைக் கேட்டார். “பை, கம்ப்ரசர், கீழ ஆர்ம் புஷ், டைமிங் பெல்ட் எல்லாம் சேத்து ஒரு தொகை எழுதித் தர்றனுங்க. அதக் கழிச்சுக் கொடுத்தா எடுங்க. இல்லாட்டி வேண்டாமுங்க” என்றார் அவர். எழுதிய தொகை ஐந்து லட்சத்தை நெருங்கியது. கன்சல்டிங்காரர் குறைக்கவில்லை, கரூரிலிருந்து ஒரு பார்ட்டி கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லி, அட்வான்ஸில் பத்தாயிரத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். ஃபியூஸை மாட்டியதும் வண்டி ஒரு நிமிடம் முனகி, நான்கு பக்கமும் சமமாக எழுந்து நின்றது. பார்க்க எந்தக் குறையும் இல்லை.

மூன்று வாரம் கழித்து சேலம் போகும் வழியில் ஒரு கடை வாசலில் அதே டெல்லி எண்ணைப் பார்த்து நிறுத்தினேன். புதிதாகக் கழுவி, டயருக்குக் கறுப்பு பாலிஷ் போட்டிருந்தார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கணவனும் மனைவியும் ஒரு சிறுமியும் சுற்றிவந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிறுமி பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். முன் இடது சக்கரத்தருகே குனிந்து உள்ளே பார்த்தேன். மஞ்சள் சாக்கில் எழுதிய எண் அப்படியே இருந்தது. நிமிர்ந்து, அந்த மனிதரிடம் போய், “கொஞ்சம் இங்க வாங்க, ஒண்ணு காட்டணும்” என்றேன்.